கணக்கு படிக்கணும்னு சொன்னா கலெக்டர்னு போடாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, வாசகர் கேள்வி பதில் பகுதியில திருவாரூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தாரே, ப்ளஸ் டூவுல ஸ்கூல் ஃபர்ஸ்ட், காலேஜ்ல கோல்டு மெடல், இப்ப ஒரு அரசு ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டென்ட், சம்பளம் ஒழுங்கா வருது ஆனா நான் எங்கயோ நின்னு போயிட்டேன்னு, அதுக்கு உங்க ஆலோசகர் குடுத்த பதிலைப் படிச்சுட்டு தான் இதை எழுதறேன். குரூப் 4 எழுதிட்டு லட்சக்கணக்குல பேர் வெளிய நிக்கிறாங்க, கிடைச்சதை நினைச்சு சந்தோஷப்படுங்க, காலையில நடைப்பயிற்சி போங்க, ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கோங்க. இவ்வளவு தான் பதில். நடைப்பயிற்சிக்கும் அந்த தம்பி கேட்டதுக்கும் என்ன சம்பந்தம்? அவர் என்ன தொப்பையைக் குறைக்க வழியா கேட்டாரு?

நானும் அந்த தம்பி மாதிரி தான். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து வளந்தவ, எம்.எஸ்சி கணக்கு, யுனிவர்சிட்டி ரேங்க், இப்ப ஒரு அரசு வங்கியில கிளார்க். முதல்லயே சொல்லிடறேன், வேலை மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. குறுவைக்கு நாத்து விடற நேரத்துல எங்க பிராஞ்சுக்கு வந்து பாருங்க, நிக்க எடம் இருக்காது, ஆத்துல தண்ணி வந்துடுச்சுன்னா போதும், மறுநாள் காலையில கழுத்துல கெடக்கறது எல்லாம் எங்க கவுண்டருக்கு வந்துடும், நகையை வச்சு வெதை நெல்லு, உழவு கூலி, நடவு கூலி எல்லாம் அதுல தான், அறுப்பு முடிஞ்சு கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் அக்கவுண்ட்ல ஏறினதும் வந்து திருப்பிட்டுப் போவாங்க, தாலிக்கொடி கைக்கு வந்ததும் அங்கயே நின்னு கழுத்துல மாட்டிக்கிட்டு "வரேன் தங்கச்சி"ன்னு சொல்லிட்டுப் போற ஆச்சிங்க இருக்காங்க. அது நல்ல வேலை தான் ஐயா. எனக்குப் பிடிக்கும். ஆனா அந்த வேலைக்கு நான் படிச்சதுல எதுவும் வேணாம், பத்தாம் கிளாஸ் வட்டிக் கணக்கு கூட வேணாம், அதை சிஸ்டமே போட்டுடும்.

இதைப் படிச்சுட்டு "கொழுப்பு"ன்னு சில பேர் சொல்லுவாங்க, தெரியும். கொள்முதல் நிலையத்துல பருவகாலப் பட்டியல் எழுத்தரா இருக்கற ஒரு தம்பி எங்க கஸ்டமர், எம்.எஸ்சி பிசிக்ஸ், சீசன் முடிஞ்சா அவருக்கு வேலையும் முடிஞ்சுது, "நீங்க உக்காந்திருக்கற சேர் எனக்கு கிடைச்சா போதும்க்கா"ன்னு சொல்லியிருக்காரு. அவர் சொல்றது நியாயம். ஆனா அதே தம்பி சலான் எழுதிக்கிட்டே நட்சத்திரம் எப்படி சாகுதுன்னு என்கிட்ட அரைமணி நேரம் பேசுவாரு, பின்னாடி க்யூவுல இருக்கறவங்க திட்டற வரைக்கும். சேர் கிடைச்சா அந்தப் பேச்சு நின்னு போயிடுமா என்ன? நின்னு போகணும்னு தான் நம்ம ஊரு எதிர்பாக்குது, அங்க தான் எனக்கு சண்டை.

டெல்டாவுல ஏன் நிலையான வேலைன்னா இப்படி உயிரை விடறோம்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. பாசனத்துக்கு மேட்டூர் அணை ஜூன் 12 திறக்கணும், அது தான் கணக்கு. நான் ப்ளஸ் டூ படிச்ச சமயம் 2002, 2003 ரெண்டு வருஷமும் எங்க ஊர்ல குறுவையே போடல, அப்பாவுக்கு சொந்தமா அஞ்சு மா நிலம், மிச்சம் கோயில் குத்தகை, வாய்க்கால்ல பசங்க கிரிக்கெட் ஆடினாங்க. அப்புறம் 2012ல இருந்து 2019 வரைக்கும் ஒரு வருஷம் கூட ஜூன் 12ல திறக்கல, 2020ல தான் மறுபடி அந்த தேதிக்கு தண்ணி விட்டாங்க. அந்த எட்டு வருஷமும் வீட்ல அடுப்பு எரிஞ்சது என் சம்பளத்துல. எங்க அப்பா சொல்லுவாங்க, "தண்ணி வருமா வராதான்னு மானத்தையும் கர்நாடகாவையும் பாத்துக்கிட்டு நான் கெடந்தது போதும் பாப்பா, உனக்கு மாசம் பொறந்தா பணம் வரணும்". இதுல என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? 2008ல எம்.எஸ்சி முடிச்சேன், மறு வருஷம் நெட் பரிட்சை எழுதி ஜேஆர்எஃப், அதாவது ஆராய்ச்சி பண்ண குடுக்கற ஃபெல்லோஷிப், கிடைச்சுது, அதே சமயத்துல வங்கி பரிட்சையும் பாஸ், ரெண்டு பேப்பரும் ஒரே வீட்டுக்கு வந்துச்சு. ஃபெல்லோஷிப் பணம் மாசாமாசம் வராது, அஞ்சாறு மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா தான் வரும்னு சீனியர் அக்கா சொன்னாங்க. அன்னிக்கு எங்க வீடு இருந்த நிலைமைக்கு அஞ்சாறு மாசம் எல்லாம் யாரும் காத்திருக்க முடியாது. வங்கிக்குப் போனேன். இன்னிக்கு அதே நிலைமை வந்தாலும் அதைத் தான் செய்வேன், அதனால யாரும் என்னைப் பாத்து பாவப்பட வேணாம்.

நான் சொல்ல வந்தது அதுக்கு முன்னாடி நடந்த ஒன்னைப் பத்தி. 2003ல ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தப்ப கணக்குல 200க்கு 200, ஸ்கூல் ஃபர்ஸ்ட், ஒரு பேப்பர்ல இருந்து நிருபர் வந்தாரு, எங்க அம்மாச்சி ஓடிப் போய் பக்கத்து வீட்ல இருந்து நல்ல ஜாக்கெட் வாங்கிட்டு வந்து போட்டு விட்டுச்சு. "என்னவாகப் போறே பாப்பா"ன்னு கேட்டாரு. "கணக்கு படிக்கணும் சார்"னு சொன்னேன். "படிச்சு?"ன்னாரு. "படிக்கணும் சார்"னு மறுபடியும் சொன்னேன், எனக்கு அதுக்கு மேல தெரியாது. அவர் சிரிச்சுட்டு "அப்படிப் போட்டா நல்லா இருக்காதும்மா, கலெக்டர்னு போட்டுக்கறேன்"னாரு. மறுநாள் பேப்பர்ல என் போட்டோவுக்குக் கீழ "கலெக்டராகி ஏழைகளுக்கு சேவை செய்வேன்"னு வந்துச்சு. (உங்க பேப்பரா வேற பேப்பரான்னு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.) ஊரே சந்தோஷப்பட்டுச்சு, ரெண்டு வருஷம் வரைக்கும் என்னை டீக்கடையில "கலெக்டரம்மா"ன்னு கூப்பிட்டாங்க, வங்கியில சேந்தப்புறம் அதே ஆளுங்க "என்ன கலெக்டரம்மா, கவுண்டர்ல உக்காந்துட்டீங்க"ன்னு கேட்டாங்க. நான் சொல்லாத ஒரு ஆசையில தோத்துப் போனவளா ஆயிட்டேன். நான் நெசமா சொன்ன ஆசை என்ன ஆச்சுன்னு ஒருத்தர் கேக்கல, ஏன்னா அது எங்கயும் அச்சாகலயே.

இப்ப 2017ல இருந்து ரேங்க் அறிவிக்கறது இல்ல, நல்ல விஷயம். ஆனா மே மாசம் ஆனா ஸ்கூல் வாசல்ல ஃப்ளெக்ஸ் நிக்குது, பேப்பர்லயும் போட்டோ வருது, கீழ அதே டாக்டர், அதே கலெக்டர். எங்க ஊர்ல படிப்புன்னா பரண் மேல ஏற வைக்கற ஏணி, ஏறியாச்சுன்னா ஏணியை எடுத்து மாட்டுக்கொட்டாயில சாத்திடணும், அதுக்கப்புறமும் ஏணியைக் கட்டிக்கிட்டு இருந்தா லூசு. வேலை கிடைச்சதுக்கு அப்புறம் நான் ஒரு கணக்கு புக் வாங்கினா எங்க அத்தாச்சி கேக்கற முதல் கேள்வி "ப்ரமோஷன் பரிட்சைக்கா?". இல்லன்னா "புள்ளைக்கா?". சும்மா படிக்கறதுக்குன்னு சொன்னா மூஞ்சி ஒரு மாதிரி போகும், வீட்ல ஏதும் பிரச்சனையான்னு எங்க அம்மாவுக்கு போன் போயிடும்.

ப்ரமோஷன் பத்தியும் ஒரு வார்த்தை. "அவ்வளவு தெறமை இருந்தா ஆபீசர் ஆகியிருக்கலாமே"ன்னு கேப்பாங்க. ஆபீசர் ஆனா வெளி மாநிலம் போகணும், எங்க பக்கத்து பிராஞ்சுகள்ல பாருங்க, நல்லா படிச்ச பொம்பளைங்க வருஷா வருஷம் "எனக்கு விருப்பமில்லை"ன்னு எழுதிக் குடுத்துட்டு கிளார்க்காவே இருக்காங்க, புள்ளைங்க படிப்பு, மாமியாருக்கு டயாலிசிஸ், வீட்டுக்காரருக்கு மன்னார்குடில வேலை. அதுவும் போக, ஆபீசர் ஆனா மட்டும் என்ன, அங்க இதை விட பெரிய டார்கெட், கணக்கு அங்கயும் இல்ல.

சரி, கணக்கு கணக்குங்கறியே, அப்படி என்ன கணக்குன்னு கேட்டா ஒரு உதாரணம் சொல்றேன், எல்லாருக்கும் புரியும். 2017 ஆகஸ்ட்ல 200 ரூபா நோட்டு வந்துச்சு ஞாபகம் இருக்கா, கவுண்டர்ல எல்லாரும் புலம்பினாங்க, ஏற்கனவே நோட்டு செல்லாதுன்னு சொன்ன வருஷம் பட்டது போதாதான்னு. நான் மட்டும் வேற எதையோ யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஒருத்தருக்கு 500 ரூபாயை 50ஆவும் 100ஆவும் குடுக்கணும்னா எத்தன விதமா குடுக்கலாம்? ஆறு விதம். 100 ரூபா நோட்டு ஒன்னும் இல்லாம, ஒன்னு, ரெண்டு, அப்படியே அஞ்சு வரைக்கும், மிச்சம் எல்லாம் 50. இப்ப 200ம் கூட சேந்தா? பன்னெண்டு விதம். போட்டுப் பாருங்க, 200 ஒன்னும் இல்லன்னா அதே ஆறு, ஒன்னு குடுத்தா மிச்சம் 300க்கு நாலு, ரெண்டு குடுத்தா மிச்சம் 100க்கு ரெண்டு. ஒரே ஒரு புது நோட்டு வந்து சரியா ரெண்டு மடங்கு ஆக்கிடுச்சு! அப்படின்னா 1000 ரூபாய்க்கும் ரெண்டு மடங்கு தானா? இல்ல, 11 விதம் 36 ஆகுது. ஏன் அங்க ரெண்டு மடங்கு, இங்க மூணுக்கும் மேல? அன்னிக்கு சாயங்காலம் கேஷ் டேலி பண்ணிட்டு நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்தாங்க, அங்க பஸ் நின்ன நேரம் பூரா டிக்கெட் பின்னாடி இதைத் தான் போட்டுக்கிட்டு இருந்தேன், எப்பவும் அந்த கேட்டைத் திட்டறவ அன்னிக்கு கேட் தொறந்துடக் கூடாதேன்னு நினைச்சேன். ராமானுஜன் பண்ணினதும் இந்த வகை எண்ணிக்கை தான், ஒரு நம்பரை கூட்டலா எத்தன விதமா பிரிக்கலாம், 4ஐ அஞ்சு விதமா பிரிக்கலாம் (4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1), 9ஐ 30 விதமா, 14ஐ 135 விதமா, இப்படி அஞ்சஞ்சா தாண்டிப் போனா வர்ற எண்ணிக்கை எல்லாமே அஞ்சால வகுபடும்னு கண்டுபிடிச்சாரு. எதுக்கு உபயோகம்னு கேக்காதீங்க, அழகா இருக்கா இல்லையா?

என் பிரச்சனை இவ்வளவு தான், இதை மறுநாள் யார்கிட்ட சொல்றது? பக்கத்து கவுண்டர்ல இருக்கறவர் ரொம்ப நல்ல மனுஷன், கேட்டாரு, "சரி மேடம், அந்த ஆர்டி ரெனியூவல் லிஸ்ட் எடுத்தாச்சா"ன்னு முடிச்சுக்கிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த தம்பி எழுதின "நின்னு போயிட்டேன்"ங்கறது இது தான்னு நான் நினைக்கறேன், சம்பளம் பத்தலன்னு இல்ல, பதவி பத்தலன்னும் இல்ல, தலைக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டு இருக்கற ஒன்னை எறக்கி வைக்க ஒரு திண்ணை இல்ல.

இப்படி யாராவது சொன்னா எங்க கும்பகோணம் பக்கம் ஒரு ரெடிமேட் ஆறுதல் வச்சிருக்காங்க, "ராமானுஜனே கிளார்க்கா தானே இருந்தாரு". காலேஜ்ல கேட்டேன், வங்கியில சேந்தப்ப கேட்டேன், எங்க வீட்டுக்காரர் சைடு சித்தப்பா ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொல்லுவாரு. கதையை பாதியில நிறுத்திடறாங்க ஐயா. 1912 மார்ச்ல அவர் மெட்ராஸ் துறைமுக ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல சேந்தாரு, மாசம் 30 ரூபா. 1913 மே மாசம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபா குடுத்து ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிச்சு. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவு தான் அவர் கிளார்க்கா இருந்தது. அந்த நேரத்துல நடந்தது என்ன? அவரோட மேலதிகாரி நாராயண ஐயர் தானே கணக்குல ஆள், சாயங்காலம் வீட்ல சிலேட்டை வச்சுக்கிட்டு இந்த கிளார்க் கூட உக்காந்து கணக்கு போட்டாரு. சேர்மன் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு இன்ஜினியர், தனக்குக் கீழ இருக்கற 30 ரூபா கிளார்க்குக்காக பெரிய எடத்துக்கெல்லாம் லெட்டர் எழுதினாரு. 1913 ஜனவரி 16 கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதின லெட்டர்ல முதல்லயே நான் ஒரு கிளார்க்குன்னு தான் ஆரம்பிக்கறாரு, ஆனா அந்த லெட்டர் போறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு அவர் யாருன்னு தெரியும். நான் ராமானுஜன் இல்ல, அதுல எனக்கு எந்தக் குழப்பமும் இல்ல, அவர் கால் தூசிக்கு வரமாட்டேன். ஆனா கிளார்க்கா இருந்ததை மட்டும் ஆறுதலா சொல்லிட்டு சிலேட்டோட பக்கத்துல வந்து உக்காந்த மேலதிகாரியை விட்டுடறீங்களே, எங்க ஆபீஸ்ல மேலதிகாரி பக்கத்துல வந்து உக்காந்தா இந்த மாசம் எத்தன இன்சூரன்ஸ் பாலிசி பிடிச்சீங்கன்னு தான் கேப்பாரு. பாவம், அவருக்கு மேல இருக்கறவர் அவரை அதைத் தான் கேக்கறாரு.

"அப்ப பி.எச்டி பண்ண வேண்டியது தானே, பார்ட் டைம்ல"ன்னு ஒரு பேராசிரியை என்கிட்ட கேட்டாங்க. ஆமா, யுஜிசி 2022 விதிமுறையில வேலை பாக்கறவங்க பார்ட் டைமா பண்ணலாம்னு இருக்கு, வேலை குடுத்தவங்ககிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும். திருவாரூர்ல 2009ல இருந்து மத்தியப் பல்கலைக்கழகமே இருக்கு, நம்ம பஸ்லயே போயிட்டு வரலாம். இதெல்லாம் இல்லாத காலத்துல படிச்சவ நான், வந்ததுக்கு சந்தோஷம். முடிஞ்சவங்க பண்ணட்டும், அந்த தம்பிக்கு வயசு இருக்கு, உங்க ஆலோசகர் நடைப்பயிற்சிக்குப் பதிலா இதைச் சொல்லியிருக்கலாம். ஆனா எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கியாகணும்னு நான் சொல்லல, அதுவும் சுத்தி வளைச்சு அதே ஏணி தான். எனக்கு வேண்டியது ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம், ஒரு கரும்பலகை, கூட நாலு பேர்.

டிசம்பர் 22 தேசிய கணித தினம்னு எல்லா ஸ்கூல்லயும் கொண்டாடறாங்க, ஒரு பையனுக்கு நாமம் போட்டு, கோட்டு மாட்டி விட்டு "நான் தான் ராமானுஜன் பேசுகிறேன்"னு பேச வைப்பாங்க, பரிசா ஒரு எவர்சில்வர் டப்பா. அதுக்கு பதிலா தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை எங்கயாவது ஒரு நூலகத்துல மாசத்துக்கு ஒரு ஞாயிறு ஒரு ரூமைத் தொறந்து விட்டா போதும், கரண்ட் ஆபீஸ்ல இருக்கறவரு, வி.ஏ.ஓ, ரேஷன் கடைக்காரர், ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார், கூட ரெண்டு பதினோராம் கிளாஸ் புள்ளைங்க. சான்றிதழ் குடுக்கக் கூடாது, போட்டி வைக்கக் கூடாது, டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கா மாத்திடக் கூடாது (மாத்திடுவாங்க, எனக்கு இப்பவே தெரியும்). பிசிக்ஸ்காரருக்கு ஒரு ஞாயிறு, தமிழ் இலக்கணத்துக்கு ஒரு ஞாயிறு, எதா இருந்தாலும் சரி. எங்க ஊர்ப்பக்கம் பெரியவங்க சில பேர் ஒரு மா நூறு குழி, இருபது மா ஒரு வேலின்னு வாயாலயே மொத்த நிலக் கணக்கையும் போட்டுடுவாங்க, எங்க சிஸ்டம் ஏக்கருக்கு மாத்தறதுக்குள்ள. அவங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சா ரெண்டு மணி நேரம் பத்தாது.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு. வர்ற மே மாசம் ரிசல்ட் அன்னிக்கு போட்டோ எடுக்கப் போற உங்க நிருபர்கள்கிட்ட சொல்லுங்க, புள்ளை என்ன சொல்லுதோ அதை அப்படியே போடட்டும், "தவளை பத்தி படிக்கணும்"னு சொன்னா தவளைன்னே போடுங்க. அடுத்தது, பழைய பேப்பர் கட்டெல்லாம் உங்க ஆபீஸ்ல இருக்கும், 1995, 2000, 2003ன்னு ஏதாவது ஒரு வருஷத்தை எடுத்து அதுல டெல்டா மாவட்டத்துப் புள்ளைங்க எங்க இருக்காங்கன்னு தேடிப் போய் ஒரு தொடர் எழுதுங்க, ஐஏஎஸ் ஆனவங்களையும் அமெரிக்கா போனவங்களையும் விட்டுடுங்க, அவங்களை எல்லாரும் எழுதறாங்க. பக்கத்து ஊர்ல பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கிட்டு இருக்கறவங்களைப் போய்ப் பாருங்க, வேலை எப்படி இருக்குன்னு கேக்காம இப்ப என்ன படிக்கறீங்கன்னு கேளுங்க.

என் பேரைப் போட வேணாம், ஊர் மட்டும் போதும். எந்த வங்கின்னும் தெரிய வேணாம், இது ஆடிட் நேரம். கடிதம் நீளமாயிடுச்சு, எடம் பத்தலன்னா எங்க வீட்டுக் கதையை எவ்வளவு வேணா குறைச்சுக்கோங்க, அந்த 200 ரூபா நோட்டு கணக்கை மட்டும் வெட்டிடாதீங்க, 1000 ரூபாய்க்கு ஏன் 36ன்னு யாராவது ஒருத்தராவது போட்டுப் பாத்து உங்களுக்கு எழுதுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம்.